சந்தலூனா தீவு, பெருங்களத்தூர்

சுந்தரராமன் தீவில் வீடு வாங்கியிருக்கிறார் என்று தெரிந்த அன்றே, எந்தத் தீவு, எந்தக் கடல் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். பெருங்களத்தூரில் அவர் தெருக்காரர்கள் ஒருவரும் கேட்கவில்லை. கிரகப்பிரவேசம் எப்போது, சாப்பாடு உண்டா என்றுதான் கேட்டார்கள். இத்தனைக்கும் மனிதர் பூகோள வாத்தியார். தீவு என்பது நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி என்று தாம்பரத்துப் பிள்ளைகளின் மண்டையில் ஓய்வு பெறும்வரை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஆனால் ஒரு தீவையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஆசைதான் ஆளைக் கவிழ்த்தது.

கவிழ்த்தவர்கள் சந்தலூனா தீவு விடுமுறை இல்ல மன்றத்தார். தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் இலவச டிபன் என்று கூப்பிட்டார்கள். தம்பதியாக வர வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் பொங்கல், வடை வந்தது. பிறகு திரையில் தீவு வந்தது. பிறகு கதவைச் சாத்தினார்கள். வீடு வாங்கச் சம்மதிக்கிறவர்கள் எழுந்து நின்றால் போதும், மணி அடித்து மாலை போட்டுக் கைதட்டினார்கள். எழுந்திருக்காதவர்களுக்கு அதே படத்தை மறுபடியும் போட்டார்கள். சுந்தரராமனுக்குச் சர்க்கரை வியாதி. எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்பதற்காக எழுந்தார். மணியை அடித்துவிட்டார்கள்.

மாலை போட்ட பிறகு உட்காருவது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இப்படித் தோன்றுகிறவர்களை நம்பித்தான் இந்த மாதிரி மன்றங்கள் நடக்கின்றன. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்தது மொத்தமும் தீவுக்குப் போயிற்று. அவர் மனைவி அபிதகுஜாம்பாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க நல்ல தண்ணி வருமா?"

"மேடம், நாலு பக்கமும் தண்ணிதான்" என்றான் மன்றத்துப் பையன் ஒருவன், டை கட்டிக்கொண்டு.

வாங்கின கையோடு சந்தலூனாவுக்குச் சனி பிடித்தது. புயல் என்றார்கள். விமானம் நின்றுவிட்டது என்றார்கள். அப்புறம் சுற்றுலாவே படுத்துவிட்டது, இப்போது போனால் தீவு மனசொடிந்து இருக்கிறது, பார்க்க நன்றாக இராது என்றார்கள். மனசொடிந்த தீவைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று சுந்தரராமனும் சும்மா இருந்தார். திடீரென்று ஒரு நாள் 'மீட்சி ஆண்டு' என்று அறிவித்து, எல்லா வீட்டு உடைமையாளர்களையும் பெருங்களத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வரச் சொன்னார்கள்.

மேடையில் ஸ்ரீவத்சன் என்பவர் பேசினார். மன்றத்தின் மீட்சி ஆணையர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஆனால் குரலில் மட்டும் ஒரு ரிட்டையர்டு கலெக்டர் குடியிருந்தார்.

"நண்பர்களே, சந்தலூனாவில் சுற்றுலா முழுமையாக மீண்டுவிட்டது. சுற்றுலாப் பயணிகள்தான் இன்னும் வரவில்லை. அது சின்ன விஷயம். போன வருடம் ஒருவர்கூட வரவில்லை. இந்த வருடம் ஒரே ஒருவர் வந்தால்கூட வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு பெரிய வளர்ச்சி."

கைதட்டினார்கள். சுந்தரராமனும் தட்டினார்.

"ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தோம். தீவு தூரத்தில் இருக்கிறது. அதுதான் காரணம். ஆகவே தூரத்தை நீக்கிவிட்டோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் நம் மன்றத்தின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று விற்காமல், மன்னிக்கவும், விற்கப்படாமல் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அதைத் தீவுக்குச் சமமான பகுதியாக அறிவித்திருக்கிறோம். உடைமையாளர் ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு வாரம் அங்கே தம்பதியாகத் தங்கினால், தீவில் தங்கியதாகக் கொள்ளப்படும். தங்காதவர்களின் பங்கு, அவர்கள் நன்மைக்காகவே, மன்றத்திடம் திரும்பி வந்துவிடும். நடுவில் கிளம்பிப் போகிறவர்களுக்கும் அப்படியே."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அசல் தீவுக்கு எப்ப சார் போறது?" என்று கேட்டார்.

"நீங்க தங்கினாதான் தீவு மீளும். மீண்டாதான் போக முடியும்" என்றார் ஸ்ரீவத்சன். கேட்டவர் ஏதோ புரிந்த மாதிரி உட்கார்ந்தார்.

சுந்தரராமனுக்கு ஒதுக்கிய வாரம் சனிக்கிழமை முடிகிறது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் பெண் நித்யஸ்ரீக்கு வளைகாப்பு. பிரசவத்துக்கு வந்து பிறந்த வீட்டில் இருக்கிறாள். தலைச்சன். அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் நல்ல நாள் கிடையாது என்று சாஸ்திரிகள் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டடம் வேறெங்கோ இல்லை, அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அதனால் தம்பதி பயப்படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நடந்தே வந்துவிடலாம் என்று பையைக் கட்டினார்கள்.

கேட்டில் அந்தோணிசாமி நின்றிருந்தார். போன மாதம்வரை அதே கட்டடத்துக்கு வாட்ச்மேன். இப்போது தலையில் வெள்ளைத் தொப்பி வைத்துத் துறைமுக அதிகாரி ஆக்கியிருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் மக்.

"செருப்ப கழட்டு சார். கால காட்டு."

"எதுக்குப்பா?"

"கடல் வயியா தானே வர்ற. கால் நனையாம வந்தா நான் உள்ள வுட முடியாது. உப்பு போட்ட தண்ணி சார், நானே கலக்கினேன்" என்று சொல்லி இருவர் காலிலும் ஊற்றினார். அபிதகுஜாம்பாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாத்திரை போய் வந்தால் கால் அலம்புவது நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

லிஃப்டுக்குப் படகு என்று பெயர் வைத்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டாதவர்களை ஏற்றமாட்டார்கள். கரண்ட் போய் நடுவில் நின்றால் கடல் கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி வருகிறவர்களுக்குப் பை கொடுத்தார்கள். வராதவர்களுக்கும் கொடுத்தார்கள். மேலே வீட்டில் ஒரு ஸ்பீக்கர் ராப்பகலாக அலைச் சத்தம் போட்டது. அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. புழுக்கத்துக்காக ஒரு மெஷின் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெருங்களத்தூரில் காசு கொடுத்துப் புழுக்கம் செய்கிற அக்கிரமத்தை என்னவென்று சொல்வது. பால்கனியை மூடி நீலத் திரை கட்டி அதில் கடல் வரைந்திருந்தார்கள். திரைக்கும் சுவருக்கும் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தால் சுந்தரராமனின் சொந்த வீட்டு மொட்டை மாடி தெரிந்தது. நித்யஸ்ரீ வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடல் தாண்டிக் குரல் கொடுப்பது விதிக்கு உட்பட்டதா என்று தெரியாததால் விழுங்கிவிட்டார்.

இந்த இடத்தில்தான் அபிதகுஜாம்பாள் அந்தக் காரியத்தைச் செய்தாள். பையிலிருந்து வெண்கலப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"புது வீட்டுல மொதல்ல பால் காய்ச்சாம காப்பி போடச் சொல்றேளா? வாடகை வீட்டுக்குப் போனாலே காய்ச்சறோம். இது சொந்தம்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. வேளச்சேரியோ வெளிநாடோ, நம்மவர்கள் சாமி படம், உப்பு, பால் இல்லாமல் எந்த வீட்டில் காலடி வைத்திருக்கிறார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுந்தரராமனுக்கும், பரவாயில்லை, போன பணத்துக்கு ஒரு சுபம் நடந்தது என்று மனசு கொஞ்சம் ஆறிற்று. தரை துடைக்க வந்த பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, சற்று நேரத்தில் ஸ்ரீவத்சன் மாலையோடு வந்தார். கூடவே ரோஹிணி என்று ஒரு பெண், மன்றத்தின் பண்பாட்டு அலுவலர்.

"வாழ்த்துகள் சார். பால் காய்ச்சிட்டீங்களாமே."

"ஆமாம், பழக்கம். கொஞ்சம் எடுத்துக்கறேளா?"

"டூரிஸ்ட் யாராவது ஓட்டல் ரூம்ல பால் காய்ச்சுவாங்களா சார்?"

"மாட்டா."

"அதான். எங்க விதியில தெளிவா இருக்கு. தன் குல வழக்கப்படி வீடு புகுகிறவர் பயணி இல்ல, குடிமகன். சந்தலூனாவுக்கு இதுவரைக்கும் எல்லாம் இருந்தது சார். கடல் இருந்தது, படகு இருந்தது, துறைமுகம் இருந்தது. உள்ளூர் மக்கள்தான் இல்ல. மக்களே இல்லாத தீவுக்கு எவன் டூர் வருவான்? நீங்கதான் முதல் குடும்பம்."

சுந்தரராமனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை.

"சரி, சனிக்கிழமை சாயங்காலம் நாங்க கிளம்பலாம் இல்லையா?"

"பயணிகள் கிளம்பலாம். குடிமக்கள் எங்க சார் கிளம்புவாங்க? இதுதானே உங்க ஊர்."

"எங்க வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கு."

"அது வெளிநாடு" என்றார் ஸ்ரீவத்சன் அன்பாக. "மீட்சி ஆண்டுல உள்ளூர்க்காரங்களே தீவைக் காலி பண்ணிட்டுப் போனா வெளியில என்ன பேசுவாங்க? நாங்க தடுக்கல. கதவு திறந்துதான் இருக்கு. போனா உங்க பங்கு மன்றத்துக்கு வந்துடும், அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானில் அவர் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருந்தது. போட்ட காசைப் போகவிடவும் மனசில்லை, பெண்ணின் வளைகாப்பை விடவும் மனசில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார். கதவைப் பூட்டியிருந்தால்கூட உடைத்திருக்கலாம், திறந்த கதவை என்ன செய்வது என்று மனைவியிடம் புலம்பினார்.

மறுநாளிலிருந்து உள்ளூர் மக்களுக்கு வேலை வந்துவிட்டது. ரோஹிணி வந்து அபிதகுஜாம்பாளுக்கு ஓலைத் தொப்பி பின்னக் கற்றுக்கொடுத்தாள்.

"மாமி, யார் வந்தாலும் சிரிக்கணும். கேள்வி கேட்டா புரியாத மாதிரி இருக்கணும். அதுதான் நேட்டிவ் லுக்."

"எனக்கு நிஜமாவே ஒண்ணும் புரியலை" என்றாள் அபிதகுஜாம்பாள்.

சுந்தரராமனுக்குப் பூப்போட்ட சட்டை கொடுத்து, கையில் ஒரு துடுப்பையும் கொடுத்தார்கள். லிஃப்ட் வாசலில் துடுப்போடு நிற்க வேண்டும். பொத்தேரியிலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் புதிதாகத் தங்க வந்த தம்பதிகள் அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். அபிதகுஜாம்பாள் கத்திரிக்காய் நறுக்குவதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். இவங்க கத்திரிக்காயை இப்படித்தான் நறுக்குவாங்களாம் என்று ஒரு அம்மா தன் கணவனுக்கு விளக்கம் வேறு சொன்னாள். ஒரு நாள் வந்த கூட்டத்தில் மாடம்பாக்கம் கோயிலில் சகஸ்ரநாமம் சொல்லும் கோஷ்டியில் அபிதகுஜாம்பாளோடு உட்காருகிற சின்மயி இருந்தாள்.

"மாமி, நீங்களா? இங்க என்ன பண்றேள்?"

"மெதுவாப் பேசு. நான் இங்க லோக்கல்."

"ஞாயித்துக்கிழமை வளைகாப்புன்னு கூப்பிட்டேளே?"

அபிதகுஜாம்பாளுக்கு அழுகை வந்துவிட்டது. தொப்பி பின்னுகிற ஓலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூப்பிட்டவ நான்தான். நான் வருவேனான்னுதான் தெரியலை" என்றாள். உள்ளூர்ப் பெண்ணின் உணர்ச்சி வெளிப்பாடு என்று ரோஹிணி அதையும் படம் பிடிக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை மற்றவர்கள் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சுந்தரராமன் துடுப்போடு ஆபீசுக்குப் போனார். மீட்சிக் குழுவிடம் முறையிட வேண்டும் என்றார். குழுவில் ஸ்ரீவத்சன் ஒருவர்தான். ஆனாலும் அவர் குழுவாகப் பேசினார்.

"உங்கள் கோரிக்கையைக் குழு மிகுந்த அனுதாபத்தோடு பரிசீலித்தது. ஒரு வழி இருக்கிறது. தீவின் மக்கள்தொகை குறையக் கூடாது. உங்கள் குடும்பத்திலிருந்தே வேறு தம்பதி வந்தால், நீங்கள் போகலாம். மன்றம் மனிதாபிமானம் உள்ளது."

"எங்க குடும்பத்துல வேற யாரு சார் இந்தத் தப்பைப் பண்ணுவா" என்று சொல்லிவிட்டு சுந்தரராமன் திரும்பினார்.

கீழே கேட்டருகே அந்தோணிசாமி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, நான் சும்மா ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடறேனே. யாருக்குத் தெரியும்?"

"எனக்கு இன்னா சார் வந்துச்சு, போ. ஆனா கேமரா கீது. போன வாரம் ஒருத்தர் சிகரெட் வாங்கறதுக்கு வெளிய கால வெச்சாரு. திரும்பி வர்றதுக்குள்ள அவரு வூடு மன்றத்துது ஆயிடுச்சு. பேஜாராப் போச்சு மன்சனுக்கு. இன்னும் அந்த டீக்கடையிலதான் குந்திகினு கீறாரு."

சுந்தரராமன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவத்சனே மேலே வந்து, "சார், உங்களுக்கு விடுதலை" என்றார். ஏன், எப்படி என்று தம்பதி கேட்கவே இல்லை. அபிதகுஜாம்பாள் வளையல் தட்டை எடுத்துக்கொண்டாள், சுந்தரராமன் துடுப்பைப் போட்டார். படகில் இறங்கும்போது அவள், பருப்புத் தேங்காய் ஆச்சோ இல்லையோ, சாதம் எத்தனை வகை சொல்லியிருக்காளோ என்று பேசிக்கொண்டே வந்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அப்போதுதான்.

கேட்டில் நித்யஸ்ரீ நின்றிருந்தாள். வளைகாப்புக்கு வாங்கின கறுப்புப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. பக்கத்தில் மாப்பிள்ளை அனிருத். அந்தோணிசாமி இருவர் காலிலும் மக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணும் கவலைப்படாதீங்கோ" என்றான் அனிருத். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், எதற்கும் ஒரு தீர்வு வைத்திருப்பான். "நேத்தே வந்து பேசிட்டேன். உங்களை வெளியில எடுக்க இது ஒண்ணுதான் வழின்னா. நாங்க பக்கத்து ஃபிளாட்ல ஒரு பங்கு வாங்கிட்டோம். தவணையிலதான். ஒரு வாரம் தங்கணும், அவ்வளவுதான்."

"மாப்பிள்ளை, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றார் சுந்தரராமன்.

"கேட்டா வேண்டாம்பேள்."

"அம்மா, நீ இல்லாம எனக்கு யாரு வளை அடுக்கறது?" என்றாள் நித்யஸ்ரீ. "அதான்."

நீ உள்ளே போய்விட்டால் நான் வெளியில் யாருக்கு அடுக்குவேன் என்று அபிதகுஜாம்பாள் கேட்கவில்லை. ஸ்ரீவத்சன் மட்டும் குழுவின் குரலில் பேசினார்.

"இரண்டு பேர் போகிறார்கள், இரண்டு பேர் வருகிறார்கள். உண்மையில் மூன்று பேர்" என்று நித்யஸ்ரீயின் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டார். "மீட்சி என்பது இதுதான். இந்த வாரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால் தீவின் முதல் பிறப்பாக அறிவித்து, குழந்தைக்கு வாழ்நாள் உறுப்பினர் பதவி தர மன்றம் ஆவலாக இருக்கிறது."

அபிதகுஜாம்பாள் அவரைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். அந்தக் கேட்டைத் தாண்டி அவள் ஒரு அடிதான் வைத்திருந்தாள். அப்படியே திரும்பி உள்ளே வந்தாள்.

"நானும் இங்கதான் இருப்பேன். முழுகாம இருக்கற பொண்ணை இந்தக் கூத்துல தனியா விட்டுட்டு நான் ஆத்துக்குப் போகணுமா? நீங்க போங்கோ. போய், வளைகாப்புக்கு வந்தவாளை எல்லாம் இங்க கூட்டிண்டு வாங்கோ. நாழி ஆறது."

"உறவினர்கள் தாராளமாக வரலாம்" என்றார் ஸ்ரீவத்சன். "வளைகாப்பை உள்ளூர்ப் பண்பாட்டு விழாவாக அறிவித்துவிட்டோம். உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு சின்ன வீடியோ மட்டும் பார்க்கணும். சின்னதுதான்."

சுந்தரராமன் தெருவில் தனியாக நடந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அலைச் சத்தம் இல்லாமல் நடந்தது அதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் பஸ்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. ஏறிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லாரும் உள்ளே இருக்கும்போது விடுதலை என்பது அவருக்கு ஒரு தண்டனையாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் ஷாமியானா போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உறவு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருவண்ணாமலை, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பூப்போட்ட சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். பொண்ணு எங்கே, மாமி எங்கே என்று கேட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஒருத்தரும் வரமாட்டார்கள். வளை அடுக்க நாலு சுமங்கலிகள் இல்லாமல் நித்யஸ்ரீ அங்கே அந்த ஆவிக்கு நடுவில் மணையில் உட்கார்ந்திருப்பாள். அந்த நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"பங்க்ஷன் இங்க இல்லை. ரெண்டு தெரு தள்ளி, நம்மளோட இன்னொரு வீட்டுல" என்றார். "ஏசி ஹால். எல்லாரும் வாங்கோ."

ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அவருடைய தம்பி ராஜாராமன் மட்டும் நகரவில்லை. வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை கேட்கிற ஆள். அண்ணன் முகத்தையே பார்த்தார்.

"தீவு வீடா? அண்ணா, அங்க உள்ள போனா திரும்பி வர நாழி ஆகுமா?"

சுந்தரராமன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

"சாப்பிட்டுட்டு உடனே கிளம்பிடலாம்டா, வா" என்றார்.